மாடி வீட்டுக்கும் தீ வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூரை வீடு எரிந்தால் ஐயோ பாவம் என்கிறோம், மாடி வீட்டில் இருப்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை என்றும் நினைத்துக்கொள்கிறோம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஒரு தீயணைப்பான் தொங்குகிறது. கடல் காற்றில் அதன் பூட்டு ஊசி துருப்பிடித்து, அழுத்தம் காட்டும் முள் பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கிவிட்டது, முன்னால் செருப்பு ஸ்டாண்டு வேறு. அவசரத்துக்கு யார் எடுப்பது?

புகை அலாரமும் கட்டாயம் வேண்டும். தூக்கத்தில் புகை வாசனை நம்மை எழுப்பாது, அலாரத்தின் அலறல்தான் எழுப்பும். அதைப் படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டலாம், அடுப்படியில் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், அப்புறம் நாமே பேட்டரியைக் கழற்றிவிடுவோம். கேஸ் கசிவை அது காட்டாது. அதற்குத் தனிக் கருவி, தரையை ஒட்டி இருக்கவேண்டும், ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே போய் கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அழையுங்கள். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடி போடவேண்டும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். தீயணைப்புத் துறையினர் அப்போது எங்களைப் போன்ற குடியிருப்புகளுக்கும் வந்து, தீயணைப்பானை எங்கள் கையிலேயே கொடுத்துப் பழக்கவேண்டும்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.