விலைக் கோட்டின் கீழே வால்யூமையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து வருபவன் நான். சந்தை ஏறும்போதும் இறங்கும்போதும் காரணங்களை விரிவாக அலசும் கட்டுரைகள், விலை ஒரு வரம்புக்குள்ளேயே மேலும் கீழுமாகச் சுழலும் வாரங்களில் மட்டும் "சந்தை திசையின்றி நகர்கிறது, காத்திருக்கவும்" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. உடன் வரும் வரைபடத்திலும் விலைக் கோடு மட்டுமே இருக்கிறது. எத்தனை பங்குகள் கைமாறின என்பதைக் காட்டும் வால்யூம் பட்டைகள் இல்லை.

பக்கவாட்டுச் சந்தையை ஒன்றும் நடக்காத காலமாகக் கருதுவது தவறு. விலை பெரிதாக நகராத அந்த நாட்களில்தான் பங்குகள் ஒரு தரப்பிடமிருந்து இன்னொரு தரப்புக்கு மெல்லக் கைமாறுகின்றன. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆய்வாளர் ரிச்சர்ட் வைக்காஃப் இதையே சேகரிப்பு (பெரிய கைகள் மெல்ல வாங்கிச் சேர்ப்பது) என்றும் விநியோகம் (அவர்கள் மெல்ல விற்றுத் தீர்ப்பது) என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், விலைக் கோட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

140இலிருந்து சரிந்த ஒரு பங்கு, 100இல் மிகப் பெரிய வால்யூமுடன் நின்று, 110 வரை மீண்டு, அதன்பின் இவ்விரண்டு எல்லைகளுக்குள் பல வாரங்கள் அலைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை 100ஐ நெருங்கும்போதும் வால்யூம் முந்தைய முறையைவிடக் குறைந்தால், விற்க வந்தவர்கள் தீர்ந்து வருகிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. பிறகு ஒருநாள் விலை 98க்கு இறங்கி, அங்கேயும் விற்பனை பெருகாமல், அன்றே 101இல் முடிந்தால், அது எல்லையை உண்மையாகவே மீறிய உடைப்பு அல்ல, மீறியதுபோல் காட்டிவிட்டு உள்ளே திரும்பும் பொய் உடைப்பு. அதே 98இல் வால்யூம் வீங்கி, நாளின் அடிமட்டத்திலேயே விலை முடிந்தால் கதையே வேறு; அது உண்மையான உடைப்பாக இருக்கலாம். அப்படியொரு பொய் உடைப்பு நாளில்தான் நான் பல மாதங்கள் பொறுமையாக வைத்திருந்த பங்குகளைப் பதறி விற்றேன். அன்று நான் பார்த்த படத்திலும் வால்யூம் இல்லை. இழந்ததைவிட, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முடிவெடுத்ததே இன்றும் உறுத்துகிறது.

மேல் எல்லையிலும் இதே ஏமாற்றம் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு 1972 நவம்பரில் முதன்முறையாக 1000 புள்ளிகளுக்கு மேல் முடிந்தபோது, பல ஆண்டுத் தடை உடைந்துவிட்டதாகவே தோன்றியது. 1974 டிசம்பரில் அது 600க்கும் கீழே கிடந்தது. 1000ஐ நிலையாகக் கடக்க 1982 வரை ஆயிற்று. எல்லையைத் தாண்டியதையே செய்தியாக்கும் நாம், தாண்டிய பிறகு விலை அங்கே தரித்து நின்றதா என்பதையும் எழுத வேண்டாமா?

வால்யூமும் பல முறை பொய்க்கும் என்பதை அறிவேன். ஆயினும் பாதிப் படத்தைக் கொண்டு முடிவெடுப்பதைவிட முழுப் படத்தைக் கொண்டு தவறுவது மேல் என்பது என் கருத்து. எனவே, விலை வரைபடத்தின் கீழே வால்யூம் பட்டைகளை அச்சிடவும், பக்கவாட்டு வாரங்களில் விலை எல்லைகளைத் தொட்ட நாட்களைத் தனியே குறித்து விளக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்