ஆயில் குடிக்கிற வண்டி

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய். ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். "அவளைத் தரையில உட்கார வேண்டாம்னு எழுது" என்றார்கள், எழுதிவிட்டேன். இங்கே வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு பிரித்து வேய்கிற வேலை நடக்கிறது. ஓடு கிடைத்துவிட்டது, வேயத் தெரிந்த ஆளுக்குத்தான் காத்துக் கிடக்கிறோம்.

சரி, உன் ஜென் கார் ஆயில் குடிக்கிற விஷயம். அங்கே உள்ள மெக்கானிக் பார்த்ததுமே "ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றாராம், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களைச் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அவர் கேட்டாரா? நீயும் "நிறையக் குடிக்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறாய். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளக்கிற கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார். மேல்கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்து வை. 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினாய் என்று பார்த்தால்தான் கணக்குத் தெரியும். கால் லிட்டர் என்றால் அந்த வயசு வண்டிக்கு ஒன்றுமேயில்லை, ஊற்றிக்கொண்டே ஓட்டு. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை போகலாம் என்று சொல்கிற கார் கம்பெனிகளே உண்டு. ஒன்று மட்டும், குறைகிறதே என்று கோட்டுக்கு மேலே ஊற்றி வைக்காதே. அதிகமான ஆயில் நுரைத்து, இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக, காற்று உள்ளே போகிற இன்டேக்குக்குப் போய் எரிந்துவிடும்.

ஊருக்குள் ஓட்டினால் குறைவதில்லை, இங்கே வந்து திரும்பினால் மட்டும் மடமடவென்று இறங்குகிறது என்று எழுதியிருந்தாய் பார், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டியில் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து, எரிந்துபோன ஆயிலின் இடத்தை நிரப்பிவிடுகின்றன. டிப்ஸ்டிக் மேல்கோட்டையே காட்டும். திண்டுக்கல் தாண்டி நாலு மணி நேரம் ஓட்டியதும் கலந்ததெல்லாம் ஆவியாகிப் போக, உண்மையான அளவு வெளியே வருகிறது. ஆகவே ஹைவேயில் மட்டும் குடிக்கிறது என்று நினைக்காதே. வீட்டைச் சுற்றி ஓடும்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்து ஒழுகலைப் பார். ராத்திரி நிறுத்துகிற இடத்தில் அட்டை விரித்து வை. ஆனால் அட்டை சுத்தமாக இருந்தால் ஒழுகலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிராங்க் தண்டின் பின்பக்க சீல் போன்றவை ஓடும்போது மட்டும் கசியும், காற்று அதை அடித்தளத்தில் பரப்பிவிடும். இன்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, கியர்பாக்ஸ் சேருமிடம் எல்லாம் கையால் தடவிப் பார்க்கச் சொல். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்புகிற பி.சி.வி. வால்வு அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் மாற்று. அதற்கு ஆகும் செலவு, இன்ஜின் இறக்கும் செலவுக்குக் கால் தூசி.

அப்புறம் புகை. நீலமாக இருந்தால் ஆயில், கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால், ராத்திரி முழுக்க வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் செகண்ட் கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கி, கீழே வந்து மிதித்துப் பார். பையனைப் பின்னால் பைக்கில் வரச் சொல். அப்போது குபுக்கென்று நீலம் வந்தாலும் பெரும்பாலும் வால்வு பக்கம்தான். ஏற்றத்திலும் பாரத்திலும் விடாமல் புகைந்தால் ரிங் மீது சந்தேகப்படு. வால்வு சீல் என்பது வெப்பத்தில் இறுகிப்போகிற சின்ன ரப்பர். ப்ளக் துளை வழியாகக் காற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹெட்டை இறக்காமலே மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேடிப் பிடி.

ப்ளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார். ஒன்று மட்டும் ஆயில் பிசுபிசுப்போடு கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் எடு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று தெரியும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருப்பதால் ரிங் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அழுத்தத்தைப் பிடிப்பது மேல் ரிங்குகள். சுவரிலிருக்கும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது அடி ரிங். கார்பன் ஏறி அது பிஸ்டனில் உள்ள காடியில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெஷன் ஜோராகக் காட்டும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

நம்ம பக்கத்தில் இது சகஜம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஷெட்டில் மூடி வைத்து, மாசிப் படைப்புக்குப் பங்காளிகள் வரும்போது மட்டும் எடுக்கிற வண்டிகளைப் பார்த்திருப்பாய். கிலோமீட்டர் குறைவு, ஆயில் மாற்றிப் பல வருஷம், ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பச்சியின் அம்பாசடருக்கும் அதே கதிதான். இங்குள்ள மெக்கானிக் மேஸ்திரி ப்ளக் துளை வழியாகக் கார்பன் கரைக்கிற திரவம் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டார். காலையில் ப்ளக் போடாமல், துளைகளின் மேல் துணியைப் போட்டு செல்ஃப் அடித்ததும் துணி முழுக்கக் கறுப்பாகத் தெறித்தது. உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, திருமயம் வரை நன்றாகச் சூடேற ஓட்டினோம். முழுசாக நிற்கவில்லை, பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். போர் கீறியிருந்தால் எந்தத் திரவமும் உதவாது.

கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சூட்டில் கொஞ்சம் குறையும், வியாதி அப்படியேதான் இருக்கும். வண்டியை விற்கப் போகிறவன் செய்கிற வேலை அது.

பெரியவளுக்கு வரன் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, ஜாதகத்தை ஒரு பிரதி அனுப்பு. தேவகோட்டையில் ஒரு இடம் சொன்னார்கள், பையன் சிங்கப்பூரில் இருக்கிறானாம். இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன்னால் அந்த 1000 கிலோமீட்டர் கணக்கை எனக்கு எழுது, மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்