மீனின் படத்தோடு ஆழத்தையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓர் அருங்காட்சியகத்தின் மீன் சேகரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடுவையில் வரும் மீனுக்குப் பெயர் கண்டுபிடித்து, சீட்டு எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. ஆழ்கடல் மீன் எங்காவது சிக்கினால் பத்திரிகைகளில் பெரிய படம் வருகிறது. எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த வலை என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. எங்களுக்கு வேண்டியதே அதுதான்.

துடுப்பு மீன் (oarfish) என்ற நீண்ட ஆழ்கடல் மீன் சிக்கினால், நிலநடுக்கம் வரப்போகிறது என்ற பேச்சும் உடனே சேர்ந்துகொள்கிறது. ஜப்பானில் பல பத்தாண்டுப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று 2019-லேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு அங்கே ஆழத்தைப் போடலாம்.

ஆழ்கடல் மீனை அடையாளம் காண்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வலையில் உரசிச் செதில் போய்விடும், மீனைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் நிறம் போய்விடும். மிஞ்சுவது துடுப்பு முட்களின் எண்ணிக்கையும், பல்லும், உடலில் ஒளி வீசும் உறுப்புகள் அமைந்திருக்கும் வரிசையும்தான். மேக்ரோபின்னா என்ற மீனுக்கு 1939-ல் பெயர் வைத்தார்கள். அதன் தலைமேல் கண்ணாடி போன்ற ஒரு கவசம் உண்டு என்பதே வெகுகாலம் தெரியவில்லை, ஏனென்றால் வலையில் வரும்போது அது சிதைந்துவிடும். 2004-ல் கலிஃபோர்னியா கடலில் உயிரோடு படம்பிடித்த பிறகுதான் முழுத் தலையையும் பார்க்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாடா போன்ற நீண்ட வால் கொண்ட சிறு மீன்கள், பெருமூக்கு மீன்கள், திமிங்கில மீன்கள் என்று மூன்று குடும்பங்களைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2009-ல் உடலமைப்பையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தபோது, முதலாவது குஞ்சு, இரண்டாவது ஆண், மூன்றாவது பெண் என்று தெரிந்தது. மூன்றும் ஒரே குடும்பம்! குஞ்சுகள் மேல்மட்டத்து 200 மீட்டருக்குள் இரை தேடுகின்றன. வளர்ந்தவை 1,000 மீட்டருக்கும் கீழே இருக்கின்றன. பெயர் தப்பானால் வாழிட வரைபடமும் தப்பாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரைபடத்தில் வேறு சிக்கலும் உண்டு. 1,500 மீட்டர் வரை போய்வந்த, வாய் மூடாத திறந்த வலையில் ஒரு மீன் கிடந்தால், அது அடியில் சிக்கியதா, ஏறும் வழியில் சிக்கியதா? சீட்டில் வலையின் ஆழம்தான் ஏறும், மீனின் ஆழம் ஏறாது. அப்புறம், ஆழ்கடல் தரையில் மனிதன் கண்ணால் பார்த்தது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதிலும் பெரும்பங்கு அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து நாடுகளை ஒட்டிய 200 கடல் மைலுக்குள். ஆகவே வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் மீன் இல்லை என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

அந்தக் காலி இடங்களை நிரப்ப அச்சுத்தாளால் முடியும். 1938-ல் தென்னாப்பிரிக்காவில் முதல் சீலகந்த் (பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நினைத்திருந்த மீன்) கிடைத்தபோது, அங்கே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் அதைக் காப்பாற்றி வைத்தார். ஆனால் உள்ளுறுப்புகள் போய்விட்டன. இன்னொன்று வேண்டும் என்று மீன் ஆய்வாளர் ஜே.எல்.பி. ஸ்மித் படமும் பரிசுத்தொகையும் போட்டுத் துண்டறிக்கை அச்சிட்டு, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோர மீனவர்களிடம் பரப்பினார். 1952-ல் கொமோரோ தீவுகளில் அடுத்த மீன் அந்த அறிக்கையால்தான் ஸ்மித் கைக்கு வந்தது. தூண்டிலில் மீன் சிக்கியவருக்கு அது என்னவென்று எடுத்துச் சொல்ல ஒரு தாள் தேவைப்பட்டது. உங்கள் தாள் இன்னும் எத்தனையோ கைகளுக்குப் போகிறது.

செய்தியாளர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: படகின் ஜி.பி.எஸ். எண், வலையா தூண்டிலா, எவ்வளவு ஆழம், மீன் இப்போது யாரிடம். படம் எடுக்கும்போது துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும். ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஒரு சிறு தசைத் துண்டை ஆல்கஹாலில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால், டி.என்.ஏ. சோதனைக்கும் வழி இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அருங்காட்சியகப் பணியாளர்