பகலில் கதவைத் திறந்து வையுங்கள்

இங்கிலாந்தின் சிற்றூர்க் கிறித்தவ ஆலயங்களை நடத்தும் சபையாருக்கும், அவற்றின் சாவியை வைத்திருக்கும் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஊர்களுக்கு நான் நடந்தே வருகிறேன். வயல்களின் குறுக்கே செல்லும் பொதுப் பாதைகளை உங்கள் நாட்டுச் சட்டம் காத்து வைத்திருக்கிறது. வேலியின் மரப்படியில் ஏறி இறங்கினால், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊருக்குள் நுழைந்துவிடலாம். அவற்றுள் பல ஆலய முற்றத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன. தலைமுறை தலைமுறையாக வழிபாட்டுக்கு நடந்தவர்கள் இட்ட தடங்கள் அவை. அப்படி வந்து சேர்ந்த பிறகு கதவில் பூட்டைக் கண்டால் மனம் வாடிப்போகிறது. அதனால்தான் இந்த மடல்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயரில் கில்பெக் என்றோர் ஊர். மிகச் சிறியது. 1140 வாக்கில் சிவப்பு மணற்கல்லில் எழுப்பிய ஆலயம் அங்கே நிற்கிறது. கூரை விளிம்பின் கீழே சுற்றிலும் 85 சிற்பக் கற்கள். ஒன்றில் நாயும் முயலும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பார்ப்பவருக்குச் சிரிப்பு வராமல் போகாது. தெற்கு வாசல் தூணில் கால்சட்டை அணிந்த வீரர்கள் இருவர் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு மழைக்குப் பிறகும் அவர்கள் உடையில் செதுக்கிய கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

பலர் இதைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் போனபோது கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே, பீடத்துக்கு முந்தைய வளைவின் இருபுறமும் புனிதர்களின் சிற்பங்கள் ஒருவர் தலைமேல் ஒருவராக நிற்கின்றன. இரு கைகளால் தன் வயிற்றையே அணைத்துக்கொண்டதுபோல் செதுக்கிய, புனித நீர் வைக்கும் கல்தொட்டி ஒன்று இருக்கிறது. வெளியிலேயே நின்றிருந்தால் இவை எதையும் கண்டிருக்க மாட்டேன். ஆலயத்தின் பின்னால் கோட்டை மேடு. அருகே, மக்கள் கைவிட்டுப் போன பழைய ஊரின் தடயங்கள் புல்மூடிக் கிடக்கின்றன. வீடுகள் மண்ணாகிப் போன ஊரில் ஆலயம் மட்டும் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

திருட்டுக்கு அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது. கூரையின் ஈயத் தகடுகளை உரித்துப் போனதால் மழையில் நனைந்த ஆலயங்கள் பல. ஆனால் ஈயத்தைத் தேடி வருபவன் கூரைமேல்தான் ஏறுகிறான், கதவைத் தட்டுவதில்லை. ஆள் நடமாட்டமுள்ள ஆலயத்தில் கைவைக்க அவன் தயங்குவான். ஆலயங்களுக்குக் காப்பீடு தரும் நிறுவனமே பகலில் திறந்து வைப்பதை ஊக்குவிக்கிறது. வெள்ளிப் பாத்திரங்களை இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். கல்லையும் கண்ணாடி ஓவியத்தையும் காண எங்களை விடுங்கள்.

பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், சாவி யாரிடம் கிடைக்கும் என்று தொலைபேசி எண்ணோடு ஒரு சீட்டை முகப்பில் ஒட்டுங்கள். மழையில் அழியாதபடி, எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். திறக்கும் நேரத்தைச் சாலையோரப் பலகையிலும் குறித்துவிட்டால், நெடுந்தொலைவு நடந்து வருபவர்கள் அதற்கேற்பப் புறப்பட்டு வருவோம்.

அன்புடன்,
உங்கள் பாதைகளில் நடக்கும் ஒரு தமிழன்