எண்ணாமல் வயரை வெட்டாத, மச்சான்

வட்டக்கச்சி
புரட்டாதி மாசம், ஒரு ஞாயிறு பின்னேரம்

மச்சான்,

நீ சித்திரையில எழுதினதுக்குப் புரட்டாதியில பதில் எழுதிறன், பேசாத. ரெண்டு மூண்டு தரம் போனில ரைப் பண்ணத் துடங்கி அழிச்சுப்போட்டன். "ஒபிசில ஆள் குறைக்கப்போறாங்கள் எண்டு கதை அடிபடுது, பேசாம இருந்து பாக்கட்டோ, இல்லாட்டி கட்டார் பக்கம் வெளிக்கிடட்டோ" எண்டு கேட்டிருந்தாய். அந்தக் கடிதம் வரேக்க என்ர வேலை போய் மூண்டு கிழமை, உனக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. உனக்கென்ன, மனிசிக்கே நாலு நாள் கழிச்சுத்தான் சொன்னனான். விடிய வழமைபோல சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, முறிகண்டியில போய் பிள்ளையாரைக் கும்பிட்டுப்போட்டு, ஒரு பை கச்சானை வாங்கிக் கொறிச்சுக்கொண்டு பஸ்ஸுகளைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுப் பின்னேரம் வீட்ட வாறது. நாலாம் நாள் மனிசி சேட்டுப் பொக்கற்றுக்க கச்சான் கோதைக் கண்டுட்டு "ஒபிசில இப்ப கச்சானும் குடுக்கினமோ" எண்டு கேட்டாள். அதோட முடிஞ்சுது என்ர நாடகம்.

வீட்டுப் புதினம் முதல். அம்மா சுகமா இருக்கிறா, முழங்கால் நோவுதான், ஆனா வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகோணும் எண்டு நிண்டு கூட்டிக்கொண்டு போனனாங்கள், சனமெண்டா சனம், வாகனம் விட இடமில்லை. மகள் எட்டாம் வகுப்பு, இப்ப தனியச் சைக்கிளில போறாள், என்னை விட உயரம். சிறுபோக வெட்டு முடிஞ்சுது, எங்களுக்கு வந்த பங்கு அரை ஏக்கர்தான், சாப்பாட்டுக்குக் காணும். மயில் தொல்லையும் குரங்குத் தொல்லையும் சொல்லி வேலையில்லை.

சரி, வேலைக் கதை. 11 வருசம் அந்த என்.ஜி.ஓ ஒபிசில இருந்தனான், உனக்குத் தெரியும், கிணறு திருத்திறது, கிராமத்துத் தண்ணித் திட்டம், பம் பூட்டிறது, சங்கங்களுக்கு மீற்றிங் வைக்கிறது. ஒவ்வொரு மார்கழியும் கொன்ட்ராக்ட் முடியும், ஒவ்வொரு தையும் புதுக் கடிதம் வரும், சில வருசம் மாசி மட்டும் இழுபடும், ஆனா வரும். பிறகு 2025 ஜனவரி 20 அமெரிக்கா தன்ர வெளிநாட்டு உதவியை 90 நாளைக்கு நிப்பாட்டின செய்தி வந்துது. எங்களுக்குக் காசு தந்த ஆக்கள் வேற நாடு, அதால எங்களுக்கு ஒண்டும் வராதெண்டு நான்தான் எல்லாருக்கும் விளக்கம் குடுத்துக்கொண்டு திரிஞ்சன், கண்ணிவெடி எடுக்கப் போற எங்கட ரோட்டுப் பெட்டையள் வந்து "அண்ணை என்ன நடக்கும்" எண்டு கேக்க அவையளுக்கும் ஆறுதல் சொன்னன். பங்குனிக் கடைசியில எனக்குத்தான் கடிதம் வந்தது. எங்கட ஆக்கள் தங்கட காசை வேற நாட்டுக்குத் திருப்பிப்போட்டினமாம். ஒரு பக்கக் கடிதம், நன்றி எண்ட சொல்லு மூண்டு தரம்.

மச்சான், கோவம் வந்தது உண்மை. ஆனா ஒரு கிழமை போக கோவம் அவையளில இல்லாமல் என்னில திரும்பிச்சுது. எங்கட கமக்காறரைப் பார், சிறுபோகம் விதைக்க முன்னம் இரணைமடுக் குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குதெண்டு பாத்து, கூட்டம் வைச்சு, தண்ணிக்குத் தக்கன காணியைப் பிரிச்சுத்தான் விதைக்கினம். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவனும் "குளம் எத்தினை அடி" எண்டு கேக்காமல் வரம்புக்குப் போகான். நான் 11 வருசம் என்ர குளத்தில எத்தினை அடி நிக்குதெண்டு ஒரு நாள் கேக்கேல்லை. வாய்க்காலில தண்ணி வந்துது, குடிச்சன். அவையள் தந்த ரெயினிங்குக்குப் போனன், அவையள் சொன்ன சொல்லில றிப்போட் எழுதினன், அதைத்தான் வளர்ச்சி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பதவிப் பேர் மூண்டு தரம் மாறிச்சுது, வேலை மாறேல்லை.

இப்ப ஒரு பழைய கதை. புதுக்குடியிருப்பில ரேடியோவும் மோட்டரும் திருத்தின அண்ணையை ஞாபகம் இருக்கோ, பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கதானே கிடப்பன், நீ கிரிக்கெற் அடிக்கக் கூப்பிட்டு ஏசுவாய். பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் தங்கம் மாதிரி, ஒரு மூடி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டுப் பிறகு மண்ணெண்ணெய்யில ஓடின மோட்டர் சைக்கிளுகள், சைக்கிளைத் தூக்கி நிறுத்தி டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்டது. அந்த மனிசன் எனக்குக் கொயில் கட்டப் பழக்கினவர். எரிஞ்ச மோட்டரைக் கழட்டினா முதல் செய்யிறது என்ன தெரியுமோ, வெட்டுறதில்லை. கொயில் இறங்கிற பள்ளத்தைக் காடி எண்டுறது, எந்தக் காடியில இருந்து எந்தக் காடிக்கு வயர் போகுது, ஒரு கொயிலில எத்தினை சுத்து, வயர் என்ன மொத்தம், எந்த முனை எதோட சேருது, எல்லாத்தையும் பாத்து எண்ணினாப் பிறகுதான் பழைய வயரை வெட்டி இழுக்கிறது. எண்ணாமல் வெட்டினியோ, அந்த மோட்டர் செத்த மோட்டர்தான், பிறகு மண்டையைப் போட்டு உடைக்கோணும். ஆனா அண்ணை எழுதிறேல்லை, எல்லாம் தலைக்குள்ள. எந்தக் கொம்பனி மோட்டர் எண்டு சொன்னாலே சுத்தைச் சொல்லுவார். 2009இல அவர் போனதோட அந்தக் கணக்கு முழுக்கப் போச்சு.

அதுதான் வேலை போன ரெண்டாம் கிழமை இரவு ஞாபகம் வந்தது. மகளின்ர பழைய சீஆர் கொப்பி ஒண்டை எடுத்து, இந்த 11 வருசத்தில எனக்கு என்ன செய்யத் தெரியுமெண்டு எழுதத் துடங்கினன். ரெண்டு பக்கமாப் பிரிச்சு, ஒரு பக்கம் அந்த ஒபிஸ் இருந்தா மட்டும் உதவிற விசயம், மற்றப் பக்கம் ஒபிஸ் இல்லாட்டியும் என்னோட வாற விசயம். முதல் பக்கம் மளமளவெண்டு நிரம்பிச்சுது, அவையின்ர போமுகள், அவையின்ர சொப்ற்வெயார், எந்த மேலதிகாரிக்கு எப்பிடி ஈமெயில் போடோணும் எண்டது, உதெல்லாம். மற்றப் பக்கத்தில ஒன்பது வரிதான். அதில நாலு வரி அண்ணையிட்டப் பழகினது. வயித்துக்க என்னவோ செய்துது மச்சான், ஆனா அந்த ஒன்பது வரியை வைச்சுத்தான் இப்ப சீவியம் போகுது.

எப்பிடியெண்டு கேள். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் ஒரே இரவில 87 ரூபாயில இருந்து 340 ரூபாய் ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்ப கியூஆரோட பெற்றோல் வரிசையில நிண்டு படம் அனுப்பினனி. அப்ப அந்தக் கியூஆருக்கு மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் குடுத்தவை. அந்த விலைக்குப் பிறகு எங்கட பக்கம் மிளகாய், வெங்காயம், பப்பாசித் தோட்டம் செய்யிற ஆக்கள் கனபேர் மண்ணெண்ணெய் மிசினை மூலையில வைச்சிட்டுக் கரண்ட் மோட்டருக்கு மாறிச்சினம், வசதியுள்ளவை சோலர் பம் பூட்டிச்சினம். மாறினது சரி, ஆனா வயரை மூண்டு வளவு தாண்டி இழுத்து, கடைசி வளவில வோல்ற்றேஜ் குறைஞ்சு, குறைஞ்ச வோல்ற்றேஜில மோட்டர் கூடக் கரண்டை இழுத்துச் சூடாகி எரியிறது. இல்லாட்டி கிணத்தில தண்ணி வத்தினது தெரியாமல் வெறுமனே ஓட விட்டு எரிக்கிறது. சிலது எரியிறதே இல்லை, உம்மெண்டு சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு சுத்தாமல் நிக்கும், அது கனக்கக் கப்பாசிற்றர் பிழை, அதை மட்டும் மாத்தக் காணும், அதுக்கும் முழுக் கொயிலும் கட்டோணும் எண்டு காசு வாங்கிறவையும் இருக்கினம். நான் உண்மையைச் சொல்லி சின்னக் காசோட அனுப்பிறன், அந்த ஆள் அடுத்த கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாறார். ஒபிசில இருக்கேக்க ஞாயிற்றுக்கிழமைகளில கைச்செலவுக்குச் செய்த வேலை இது, அப்ப இதைச் சொல்லவே கூச்சம், பீல்ட் ஒபிசர் கிறீஸ் பூசின கையோட நிக்கிறானாம் எண்டு. இப்ப முன் விறாந்தைதான் கடை. நல்ல மாசம் ஒபிஸ் சம்பளத்தில முக்கால்வாசி வரும், கெட்ட மாசம் அரைவாசியும் வராது. மாரி துடங்கினா தோட்டத்துக்கு மோட்டர் தேவையில்லை, அப்ப என்ன செய்யிறதெண்டு இப்பவே பயம் கிடக்கு, அதால வீட்டு வயரிங்கும் சோலரும் பழகத்தான் வேணும்.

இங்கதான் பேப்பர் கதை வருது. கையில வேலை இருக்கு, கடதாசியில ஒண்டும் இல்லை. ஒரு பாடசாலைக்கு மோட்டர் திருத்தக் கேட்டுப்போன இடத்தில "தகைமை என்ன" எண்டு கேட்டினம், நான் நிண்டு முழிச்சன். பிறகுதான் விசாரிச்சுப் பிடிச்சன், என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சேர்ட்டிபிக்கேற்றுக்கு முழுக் கோர்ஸ் படிக்கத்தான் வேணுமெண்டில்லை, ஏற்கனவே தொழில் தெரிஞ்ச ஆள் அனுபவத்தைக் காட்டி எடுக்கலாம், ஆர்.பி.எல் எண்டு சொல்லுவினம். செய்த வேலையின்ர படம், வேலை செய்து குடுத்த இடங்களில வாங்கின கடிதம் எல்லாத்தையும் ஒரு பைலாக்கிக் குடுக்க, சோதனைக்கு வாற ஆக்கள் கேள்வி கேட்டு, செய்து காட்டச் சொல்லிப் பாப்பினம். லெவல் 4 எடுத்தா அதில இருந்து 5, 6 எண்டு டிப்ளோமாவுக்குப் போகலாம், 7 பட்டத்துக்குச் சமன். இங்க அறிவியல்நகரில இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல திறந்தது, அதைத் தாண்டித்தான் எத்தினை வருசம் ஒபிஸ் பிக்கப்பில போய் வந்தனான், ஒரு நாள் இறங்கி கேற்றில என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்கேல்லை.

சோதனையில முதல் தரம் விழுந்தன், சிரிக்காத. கொயிலில இல்லை, அதில அவையே பாத்துக்கொண்டு நிண்டவை. கட்டி முடிச்ச மோட்டரை லைன் குடுக்க முன்னம் மெகர் எண்ட மீற்றரை வைச்சு வயரின்ர இன்சுலேசன் சரியோ எண்டு பாக்கோணும், நான் நேரை லைனைக் குடுக்கப் போனன். "அண்ணை, பொறுங்கோ" எண்டான் சோதிக்க வந்த பெடியன், என்னை விடப் பத்து வயசு குறைவு. 25 வருசமாக் கரண்ட் அடிக்கேல்லை எண்ட திமிர்தான், வேறென்ன. அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்யலாம் எண்டு சொன்னதால, மெகர் ஒண்டு இரவல் வாங்கி வீட்டில ஒவ்வொரு மோட்டருக்கும் பாத்துப் பாத்துப் பழகினன். ரெண்டாம் தரம் சரிவந்திட்டுது, சேர்ட்டிபிக்கேற் இன்னும் கைக்கு வரேல்லை.

இனி உன்ர கதை. கட்டாருக்குப் போகாத எண்டு நான் சொல்லமாட்டன், போன ஆக்களால எத்தினை வீடு எழும்பினதெண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா நீ போறனெண்டு சொல்லேக்க எங்க போறாயெண்டு எழுதேல்லை, எங்க இருந்து ஓடிறாயெண்டுதான் எழுதியிருக்கிறாய். என்ன வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு, ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சதோ, இதெல்லாம் கேட்டாப் பிறகு காசைக் குடு. அதுக்கு முதல் நீயும் ஒரு கொப்பி எடு. லீசிங் கணக்குப் பாத்து ஒன்பது வருசம், உன்ர ஒபிஸ் சிஸ்ரம் இல்லாட்டி உனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சு, ஒரு கமக்காறனை அரை மணித்தியாலம் கதைச்சுப்போட்டு இவன் கடனைக் கட்டுவானோ மாட்டானோ எண்டு சொல்லிறவன் நீ, அது எந்தச் சிஸ்ரத்திலயும் இல்லை. அதை எழுதினாயோ முதல் வரியா? எக்செல் வடிவாத் தெரியாதெண்டு நீயே சொன்னனி, அதைப் பழக ஆள் குறைக்கிற கடிதம் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மற்றது உன்ர ஈபிஎப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, அதைப் போய்ப் பார், உன்ர 8 வீதம் வெட்டிறது சம்பளப் பட்டியலில தெரியும், அவையின்ர 12 வீதமும் சேந்து போய் விழுந்திருக்கோ எண்டு பார், அவை கட்டிற ஈரிஎப், ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதமும் பார். எனக்கு முதல் ரெண்டு வருசம் கட்டவே இல்லை எண்டது வேலை போனாப் பிறகுதான் தெரியும்.

சேர்ட்டிபிக்கேற்றுகள் பத்திரமோ? 2009இல சொப்பிங் பையில சுத்தி வயித்தோட கட்டிக்கொண்டு வந்த உன்ர ஓ லெவல் பேப்பரை மனிக்பாம் முகாமில ரெண்டு பேரும் வெயிலில காயவைச்சது இன்னும் கண்ணுக்க நிக்குது. என்ரது போனது போனதுதான், பிறகு பரீட்சைத் திணைக்களத்தில விண்ணப்பிச்சுத்தான் எடுத்தனான். எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஈமெயிலில போட்டு வை.

வாற போயாவுக்கு வாவன், ரெயினில கிளிநொச்சியில இறங்கினா நான் வந்து ஏத்திறன், குளக்கட்டில இருந்து கதைப்பம், மனிசி ஒடியல் கூழ் காய்ச்சிறன் எண்டு சொல்லியிருக்கிறாள். உன்ர அப்பாவின்ர பழைய மோட்டர் கிணத்தடியில எரிஞ்சபடி கிடக்கெண்டு சொன்னனி, அதையும் ஒரு சாக்கில போட்டுக் கொண்டு வா. ஆனா நீ ஒண்டும் கழட்டாத, வயரில கையே வைக்காத, சுத்தை நான் எண்ணோணும்.

உன்ர
கச்சான்காறன்