வாட்ச் ஸ்ட்ராப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், தோல் வாட்ச் ஸ்ட்ராப் விறைத்துப் போனால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மெத்தென்று ஆகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். ஆகும், ஒரு மாதத்துக்கு. அப்புறம் நடப்பதைத்தான் குறிப்பு எழுதியவர் சொல்லவில்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) ஃபினிஷிங் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இருந்தும் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் கைக்கு வந்தபோது ஆசையில் இதே காரியத்தைச் செய்தேன். தேன் நிறத்தில் இருந்த ஸ்ட்ராப் இரண்டே நாளில் திட்டுத்திட்டாகக் கறுத்தது, வெயில் காலம் வந்ததும் சிக்கு வாடை, சட்டைக் கையில் எண்ணெய்க் கறை வேறு. கடைசியில் பக்கிள் ஓரம் ஒட்டு விட்டுப் பிளந்துகொண்டது. ஸ்ட்ராப் என்பது ஒற்றைத் தோல் இல்லையே, மேல்தோல், கையில் படும் அடித்தோல், பலதில் நடுவே உப்பலுக்கு ஒரு துண்டு என்று பசை போட்டு ஒட்டி ஓரம் தைத்திருப்பார்கள், எண்ணெய் உள்ளே இறங்கினால் அந்தப் பசைதான் முதலில் கைவிடும்.

தோலில் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. பதனிட்ட பிறகு எண்ணெயைத் தண்ணீரில் பால்போலக் கலந்து டிரம்மில் தோலோடு போட்டு உருட்டுவோம், ஃபேட்லிக்கர் என்று பெயர். அது நார் நாராக உள்ளே போய் உட்காரும். நாள்பட வியர்வையும் ஈரமும் வெயிலும் அதைக் குறைக்க, உப்பு மட்டும் தங்கித் தோல் விறைக்கிறது. கண்டிஷனர் என்று தோலுக்குப் பூசும் க்ரீம் போடுவது குறைந்ததைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான், புதிதாக ஊறவைக்க இல்லை.

அதனால் வாங்கும்போது நிறமில்லாத, தண்ணீர் கலந்த க்ரீமாகப் பாருங்கள், லானோலினோ (ஆட்டு ரோமக் கொழுப்பு) தேன்மெழுகோ சேர்ந்திருந்தால் நல்லது. மாட்டுக் காலிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மிங்க் என்ற கீரிபோன்ற பிராணியின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் எண்ணெய் எல்லாம் குதிரைச் சேணத்துக்கும் கனத்த பூட்ஸுக்கும் சரி, மெல்லிய ஸ்ட்ராப்புக்கு அதிகம், நிறத்தையும் கறுக்கடித்துவிடும். கடுக்காய், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட வெளிர்நிறத் தோல் என்றால் இன்னும் ஜாக்கிரதை, அது எண்ணெயைப் பார்த்த மாத்திரத்தில் குடித்துவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட க்ரோம் தோல் இவ்வளவு காட்டிக்கொடுக்காது. கலர் ஷூ பாலீஷ் வேண்டவே வேண்டாம், வியர்த்தால் மணிக்கட்டில்தான் நிற்கும். ஸ்வேட் (suede) மாதிரி சொரசொரப்புத் தோலுக்கு எந்தக் க்ரீமும் கூடாது, காய்ந்த பிரஷ் போதும்.

ஸ்ட்ராப்பைக் கழற்றி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து (அடிப்பக்க அழுக்கு துணியில் வருவதைப் பார்த்தால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும்), ஒரு ராத்திரி ஃபேனுக்கடியில் காய விடுங்கள். சோப்பு வேண்டாம், அதன் காரம் தோலுக்கு ஆகாது. அப்புறம் பக்கிளுக்குள் மறையும் நுனியில் முதலில் தொட்டுப் பார்த்து, நிறம் மாறாவிட்டால் மட்டும் மல்லி விதை அளவு க்ரீமை விரலில் எடுத்து மேல்பக்கம் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துத் துடைத்து எடுத்துவிடுங்கள். அடிப்பக்கம் தோலோடு தோல் படுகிற இடம், அங்கே கைபட்ட மிச்சமே போதும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் தேவைப்படாது. தினம் ஒரே ஸ்ட்ராப்பைக் கட்டாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் காற்றாட வைப்பது எந்தக் க்ரீமையும்விட உபயோகம்.

குறிப்பைத் திருத்திப் போடும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்: செதில் செதிலாக உரிந்து உள்ளே துணி தெரிகிறதென்றால் அது ரெக்சின். கடைக்காரர் தோல் என்று சத்தியம் பண்ணியிருந்தாலும் சரி, அதற்கு மருந்து கிடையாது, புது ஸ்ட்ராப் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராணிப்பேட்டை