பாஸ்பரஸ் குச்சியில் இல்லை, பெட்டியில்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தீக்குச்சி பற்றி வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள். ஒன்று தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். மற்றது கையைச் சுடும்.

குச்சி முனையிலுள்ள பாஸ்பரஸ் உரசலில் பற்றிக்கொள்வதாகக் கட்டுரை சொல்கிறது. பக்கப் பட்டையில் உரசும் சாதாரணத் தீக்குச்சியின் மருந்தில் பாஸ்பரஸ் கிடையாது. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், இவற்றைப் பிடித்துவைக்கும் பசை, எரியும் வேகத்தை மட்டுப்படுத்தக் கண்ணாடித்தூள் போன்ற சில நிரப்பிகள், அவ்வளவுதான். பாஸ்பரஸ் இருப்பது பட்டையில். அதுவும் சிவப்பு பாஸ்பரஸ், அதாவது அதே தனிமத்தின் எளிதில் பற்றாத வடிவம். கண்ணாடித்தூளும் பசையும் சேர்த்துக் குழைத்துப் பூசியது. 1844இல் ஸ்வீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் காப்புரிமை பெற்றது இப்படிப் பிரித்து வைத்ததற்குத்தான். அதற்கு முன் முனையிலேயே வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எதில் உரசினாலும் பற்றியது, செய்த தொழிலாளரின் தாடை எலும்பையும் அரித்தது. அதை விலக்கப் பல நாடுகள் 1906இல் பெர்ன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. (எங்கு வேண்டுமானாலும் உரசக்கூடிய குச்சி இப்போதும் உண்டு. அதன் நுனியில் இருப்பது பாஸ்பரஸ் செஸ்குயிசல்ஃபைடு என்ற பாஸ்பரஸ்-கந்தகச் சேர்மம். கட்டுரையாளர் அதை நினைத்திருக்கலாம். ஆனால் அச்சான படத்தில் பெட்டியின் பட்டை பளிச்சென்று தெரிகிறது.)

கிழிக்கும்போது நடப்பது இதுதான். உரசல் சூட்டில் பட்டையிலுள்ள சிவப்பு பாஸ்பரஸில் ஒரு துளி வெள்ளை பாஸ்பரஸ் ஆவியாக மாறிக் காற்றில் பட்டதும் பற்றுகிறது. அந்தப் பொறியின் சூட்டில் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனைக் கக்குகிறது. 100 கிராம் குளோரேட் முழுதாகச் சிதைந்தால் சுமார் 39 கிராம் ஆக்சிஜன் வரும். அதனால்தான் முதல் ‘சர்’ரென்ற சீற்றம் காற்றை எதிர்பார்ப்பதில்லை. மூக்கைத் துளைக்கும் நெடி கந்தகம் எரிந்த சல்ஃபர் டை ஆக்சைடு. மருந்து ஓரிரு நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் குச்சியின் மேற்பகுதியில் ஊறிய மெழுகு உருகி ஆவியாகிப் பற்ற வேண்டும். மரம் பற்றுவது அதன் பிறகே. மெழுகு ஏறாத குச்சி சீறிவிட்டு அணைவது இதனால்தான்.

இனி இரண்டாவது பிழை. நமுத்த குச்சிகளை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுக்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். பட்டையில் உரசினால்தான் பற்றும் என்பது சாதாரண வெப்பநிலையில் மட்டுமே உண்மை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்துக்குச் சூடு ஒன்றே போதும். ஒன்று பற்றினால் பக்கத்திலுள்ள அத்தனையும் பற்றும். நிழலில், காற்றோட்டத்தில், காகிதத்தின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி ஒரு நாள் விடுங்கள். பசை ஈரத்தில் இளகியிருந்தால் இறுகி மீளும். தண்ணீரில் ஊறிய குச்சி மீளாது. குளோரேட் கரையும் உப்பு, மருந்தை விட்டு வெளியேறிவிடும்.

பல நேரம் குற்றவாளி குச்சியே அல்ல, பட்டைதான். ஈரப் பட்டையில் உரசினால் மருந்து குழைந்து அதன்மேல் பூசிக்கொள்ளும். அந்த இடத்தில் அடுத்த குச்சியும் வழுக்கும். பழைய பட்டையின் நடுப்பகுதி தேய்ந்திருந்தால் ஓரத்தில் கிழித்துப் பாருங்கள். ஆனால் பட்டையையும் மருந்தையும் சுரண்டி ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் கலந்த பொடி லேசான தேய்ப்பிலேயே வெடிக்கும்.

பற்றியதும் குச்சியை முனை சற்றுக் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடிப்பது நல்லது. சுவாலை மேலேறி எரியாத மரத்தைச் சூடாக்கும். நட்டமாக நிமிர்த்தினால் சூடு மேலே போய்விடும், சுவாலை சுருங்கும். நல்ல குச்சியை ஊதி அணைத்ததும் கனலும் உடனே அடங்கும். மரத்தில் ஏற்றியிருக்கும் அம்மோனியம் பாஸ்பேட் செய்யும் வேலை அது. அணைத்த பின்னும் முனை சிவந்து கனன்றுகொண்டிருந்தால் அந்தக் குச்சியில் இந்தப் பாஸ்பேட் உப்பு சரியாக ஏறவில்லை. அதைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்